எண்பது டாலர் துப்பாக்கி

ஜனவரி 14, சனி

வென்டல் விடிவதற்கு முன்பே துப்பாக்கிச் சந்தைக்குக் கிளம்பிவிட்டான். தோளில் நீளப் பை, பைக்குள் ஒரு பழைய துப்பாக்கி, ஜாக்கெட் பையில் நான் கட்டிக் கொடுத்த இரண்டு சாண்ட்விச். சாயங்காலம் திரும்பி வந்தான். தோளில் அதே பை, உள்ளே ஒரு துப்பாக்கி. போனதே வந்ததா, வேறொன்றா என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாம் நீளமாக, பழுப்பாகத்தான் இருக்கின்றன.

"எவ்ளோ?" என்றேன்.

"ஒண்ணுமில்ல கண்ணு. கொண்டுபோனதக் குடுத்துட்டு இத வாங்கினேன். மேல பதினஞ்சு டாலர், அவ்ளோதான்."

நம் வீட்டுச் சட்டம் இரண்டே இரண்டு. மாதம் ஆளுக்கு நாற்பது டாலர், யாரும் கணக்குக் கேட்கக்கூடாது: அவனுக்குத் துப்பாக்கிக்கு, எனக்குப் போர்வை தைக்கும் துணிக்கு. படுக்கையறை இரும்பு பீரோவில் எட்டுத் துப்பாக்கிக்கு இடம். ஒன்பதாவது வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும். டவுன்ஷிப்புக்குப் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவனும், பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசிக்கிறவளும் இதற்கு மேல் ஆசைப்பட்டால் கையைக் கடிக்கும். ஆனாலும் அவன் ஆசை எவ்வளவு சிக்கனமான ஆசை! எண்பது, தொண்ணூறு, நூற்றுப் பத்து. ஒரு துப்பாக்கியின் விலையும் என் பனிக்கால பூட்ஸ் விலையைத் தாண்டியதில்லை. என் தங்கை வீட்டுக்காரன் படகு வாங்கிவிட்டு அதை இழுக்க லாரி வாங்கினான்.

என் தையல் மெஷின் விஷயம் வேறு. அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

ஜனவரி 17, செவ்வாய்

ஹீட்டர் மோட்டார் போய்விட்டது. வெளியே பனி கொட்டுகிறது. வந்த மெக்கானிக் அறுநூற்று நாற்பது என்றான், முகம் மாறாமல்.

நான் சமையலறையில் கோட்டோடு உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். வென்டல் பூட்ஸ் மாட்டிக்கொண்டே, "மூஞ்சிய அப்படி வச்சிக்காத. பீரோல இருந்து ஒண்ணு போகட்டுமே. உனக்கு எது பிடிக்கலையோ அத வித்துடு" என்றான்.

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நல்ல மனுஷன். எத்தனை பெண்டாட்டிகளுக்கு இப்படி வாய்க்கும்?

ஜனவரி 18, புதன்

வென்டல் இன்னும் மலைச்சாலையில் பனி தள்ளிக்கொண்டிருக்கிறான். மத்தியானம் டோரீன் போனில் கூப்பிட்டாள். தீயணைப்பு நிலையத்து மகளிர் குழுத் தலைவி. மார்ச் மாதத் துப்பாக்கிக் காலண்டர் நாளை அச்சுக்குப் போகிறதாம். நிலையத்துக்கு நிதி சேர்க்க விற்கிற குலுக்கல் காலண்டர்: முப்பத்தொரு நாளுக்கு முப்பத்தொரு பரிசுத் துப்பாக்கி. அதில் ஒருத்தர் தருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கையை விரித்துவிட்டார்.

"மார்ச் பதினாறு காலியா நிக்குது ரோண்டா. வென்டல் கிட்ட ஏதாச்சும் இருக்குமா? நூத்தைம்பது வரைக்கும் தருவோம்."

பீரோவைத் திறந்து பார்த்தேன். ஏழு துப்பாக்கி பார்க்க லட்சணமாக இருந்தன. எட்டாவது ஒன்று, மூலையில். எட்டுப்பட்டைக் குழல், ஒரே ஒரு தோட்டா போடுவது, வார்னிஷ் போன கட்டை, கருகிப்போன சாசேஜ் நிறம். அதன் விலை எனக்கு நன்றாக ஞாபகம். "எம்பது டாலர்" என்று அவனே சொல்லியிருக்கிறான், ஒரு தடவை இல்லை, பல தடவை.

எண்பதுக்கு வாங்கியதை நூற்றைம்பதுக்கு விற்றிருக்கிறேன்! எண்பதை ஹீட்டருக்கு எடுத்து வைத்தேன். லாபம் எழுபது அவன் பிறந்தநாளுக்கு. மீதி ஹீட்டர் பாக்கியைத் தவணையில் கட்டலாம் என்று மெக்கானிக்கும் ஒத்துக்கொண்டான். வியாபாரம் எனக்கு ரத்தத்திலேயே இருக்கிறது போல.

ஜனவரி 19, வியாழன்

சூப்பு குடிக்கும்போது சொன்னேன். வென்டல் கரண்டியைக் கீழே வைத்தான்.

"எது?"

"அந்த அசிங்கமானது. சாசேஜ் கலர்."

கிண்ணத்தைத் தள்ளி வைத்தான். பிறகு, "நல்ல வெல" என்றான். எழுந்து கராஜுக்குப் போனான். அரை மணி கழித்து எட்டிப் பார்த்தேன். விளக்குப் போடாமல் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"என்ன பண்ற?"

"வண்டிச் சங்கிலி பாக்கறேன்."

இருட்டில் என்ன சங்கிலி? ரொம்பக் களைத்துவிட்டான் போல. பாவம்.

ஜனவரி 26, வியாழன்

சரியாகச் சாப்பிடுவதில்லை. மான்கறி வறுவல் வைத்தால் இரண்டாம் தடவை தட்டை நீட்டுகிற ஆள், இன்று பாதியை நாய்க்குப் போட்டான். டாக்டரிடம் போ என்றால், "ஒடம்புக்கு ஒண்ணுமில்ல" என்கிறான். அப்போ எதற்கு?

பிப்ரவரி 4, சனி

எப்படி எழுதுவது. முதல் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன், கோபத்தில்தான்.

அவன் பிறந்தநாள் ஒன்பதாம் தேதி. அந்த எழுபது டாலருக்கு ஏதாவது வாங்கலாம் என்று ரஸ்ஸின் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். காலண்டர் பரிசுத் துப்பாக்கிகளெல்லாம் அவன் கடைச் சுவரில்தான் மாட்டியிருக்கின்றன. நம்முடையது நடுவில், தனியாக ஒரு ஆணியில்.

ரஸ் தொப்பியைக் கழற்றினான். என்னைப் பார்த்து! "ரோண்டா, உங்க ரெண்டு பேருக்கும் பெரிய மனசு. தீயணைப்பு நெலயத்துக்கு இப்படி ஒண்ணக் குடுக்க எனக்கெல்லாம் மனசு வராதுப்பா."

"எப்படி ஒண்ண?"

"இதையா கேக்கற? இந்த மாவட்டத்துலயே செஞ்சது. இதச் செஞ்ச பழைய கொல்லர் மொத்தமே கொஞ்சம்தான் செஞ்சாரு. கட்டைய யாரும் தொடல, மறுபடி வார்னிஷ் அடிக்கல, எல்லாம் அப்படியே இருக்கு. நான் ஆயிரத்து அறுநூறுக்கு வித்துக் காட்டறேன், நாளைக்கே."

ஆயிரத்து அறுநூறு.

முதலில் அய்யோ என்று இருந்தது, அவனுக்காக. கராஜில் இருட்டில் உட்கார்ந்திருந்தானே! காரில் ஏறிய பிறகுதான் மற்றது உறைத்தது. மாதம் நாற்பது டாலர் வாங்குகிறவனுக்கு ஆயிரத்து அறுநூறு டாலர் துப்பாக்கி எங்கிருந்து வந்தது? போன வருஷத்துக்கு முந்தின வருஷம் என் கடைவாய்ப் பல்லுக்கு கேப் போடக் காசில்லை என்று பிடுங்கிக்கொண்டேன். பக்கத்திலேயே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தானே, அந்தத் திருட்டுப் பயல்! பிடித்த கையில் எவ்வளவு இருந்ததோ?

பொய் சொல்லியிருக்கிறான். எத்தனை வருஷமாக? மற்ற ஏழும்?

நானும்தான்— இல்லை. மெஷின் வேறு.

பிப்ரவரி 6, திங்கள்

பள்ளி விட்டதும் நேரே டோரீன் வீட்டுக்குப் போனேன். திருப்பிக் கொடு, நூற்றைம்பதும் தருகிறேன், மேலே ஒரு போர்வையும் தருகிறேன் என்றேன்.

"அச்சாயிடுச்சு ரோண்டா. காலண்டர் பாதி வித்தும் போச்சு. பதினாறாந் தேதிக்குன்னு அந்தத் துப்பாக்கி படத்தோட போட்டிருக்கு. இப்ப மாத்தினா ஊர் என்னக் கிழிச்சுத் தொங்கப் போட்டுடும்."

அவள் சொல்வது நியாயம். அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

வென்டலிடம் எனக்குத் தெரியும் என்று சொல்லப்போவதில்லை. அவனே வாயைத் திறக்கட்டும். பார்க்கிறேன்.

பிப்ரவரி 9, வியாழன்

பிறந்தநாள். கேக் செய்தேன். கம்பளிச் சாக்ஸ் கொடுத்தேன். வாயைத் திறக்கவில்லை.

பிப்ரவரி 24, வெள்ளி

தவக்கால வெள்ளி. தீயணைப்பு நிலையத்தில் உருளைக்கிழங்கு வைத்த பியரோகிக் கொழுக்கட்டை விற்பனை. வரிசையில் நிற்கும்போது டோரீன் என் காதில், "உன் வீட்டுக்காரன் பதினோரு காலண்டர் வாங்கியிருக்கான். ஒண்ணு இருபது டாலர். தெரியுமா?" என்றாள்.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். இன்னும் ஒரு இடம் காலி. ஒரு துப்பாக்கியை விற்றுக் காலண்டர் வாங்கியிருக்கிறான்!

காலண்டருக்கு ஒரு மூன்று இலக்க எண். தினம் மாலை மாநில லாட்டரியில் எந்த எண் விழுகிறதோ, அந்த எண்காரருக்கு அன்றைய துப்பாக்கி. ஆயிரம் எண்ணில் பதினொன்று. இதைவிட எங்கள் பள்ளிக்கூடத்து எட்டாம் வகுப்பு ஃபாஸ்டர் பையன் சிந்தாமல் பால் குடிப்பதற்கு வாய்ப்பு அதிகம்.

நானும் மூன்று வாங்கினேன். அந்த எழுபதில். ஆக வீட்டில் பதினாலு. ஒருவருக்கொருவர் தெரியாமல். சீ.

மார்ச் 11, சனி

இன்று சந்தைக்குப் போகவில்லை. "மனசில்ல" என்றான். என்னோடு சோபாவில் உட்கார்ந்து நான் துணி வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலையில் முடி எவ்வளவு கொட்டிவிட்டது. கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் நழுவிப் போய்விடுகிறது. பல்லை நினைத்துக்கொண்டேன். அந்தப் பொக்கை இடத்தை நாக்கால் தொட்டுப் பார்த்தேன். மறுபடி கோபம் வந்தது. நல்லது.

மார்ச் 16, வியாழன்

ஏழு மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்தோம். அவன் சட்டைப் பையில் ஒரு கை. என் ஏப்ரன் பையில் ஒரு கை. பந்துகள் விழுந்தன. நாலு. பூஜ்யம். ஏழு.

அவனுடையது இல்லை, முகத்தில் ஈயாடவில்லை. என்னுடையதும் இல்லை.

ஒன்பது மணிக்கு டோரீன் போனில். "விழுந்தது யாருக்குத் தெரியுமா? சர்ச்சுல ஆர்கன் வாசிக்கற ஆல்மா அம்மாவுக்கு! 'எனக்கு எதுக்குடி துப்பாக்கி, அந்த நூத்தைம்பத யாராச்சும் குடுத்தா எடுத்துட்டுப் போகட்டும்'ங்கறாங்க. உனக்கு ஆசையா இருந்ததே, நாளைக்கே போய் வாங்கிக்கோ."

வென்டலிடம் சொன்னேன். அவன் முகத்தை இன்னும் பத்து வருஷம் மறக்க மாட்டேன். என்னை இடுப்போடு தூக்கிவிட்டான். முதுகு பிடித்துக்கொண்டது, அது வேறு கதை.

ஆனால் தூக்கம் வரவில்லை. ஆல்மா ஃபெட்டர்மனுக்கு எண்பத்தொரு வயசு. ஓய்வூதியத்தில் இருக்கிறாள். நூற்றைம்பதைக் கொடுத்து ஆயிரத்து அறுநூறை வாங்கி வரலாம். யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியாது என்றுதான் அவனும் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

நாளை நானும் கூடப் போகிறேன். என்னிடம் பொய் சொன்னதைக்கூட எப்படியாவது விழுங்கிவிடுவேன். அந்த அம்மாவை ஏமாற்றினால் இந்த ஆளோடு எப்படிச் சாப்பிட்டுத் தூங்குவேன் என்று தெரியவில்லை.

மார்ச் 17, வெள்ளி

முழுசாக எழுத வேண்டும்.

ஆல்மா அம்மாவின் சமையலறை. மேஜைமேல் கோதுமை பிஸ்கட், காப்பி. ரஸ் காலையிலேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டானாம். துப்பாக்கி மூலையில் துடைப்பத்துக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்தது. இரண்டும் ஒரே நிறம்.

வென்டல் பணத்தை எடுத்து மேஜைமேல் வைத்தான். அவள் கை நீட்டினாள். அவன் தன் கையைப் பணத்தின் மேலிருந்து எடுக்கவில்லை. நான் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தேன். சர்க்கரையே போடவில்லை.

"மிஸஸ் ஃபெட்டர்மன்" என்றான். "இத எடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். அந்தத் துப்பாக்கி நூத்தைம்பது இல்ல. ஆயிரத்து அறுநூறு போகும்."

என்னைப் பார்க்கவே இல்லை. காது இரண்டும் சிவந்துவிட்டது.

ஆல்மா அம்மா மூக்குக்கண்ணாடியைத் தூக்கி அவனைப் பார்த்தாள், பிறகு என்னை. "அப்புறம் எதுக்கு உங்க வீட்டம்மா அத நூத்தைம்பதுக்கு வித்தாங்க?"

"எம்பதுதான்னு நான் சொல்லியிருந்தேன்."

அந்த அம்மா சிரித்தாள் பார், மேஜை ஆடியது, காப்பி தட்டில் சிந்தியது. "எங்க வீட்டு மனுஷனும் இப்படித்தான். மீன் தூண்டிலு! செத்தப்புறம் கடைக்காரன் சொல்லித்தான் எனக்கே வெல தெரியும்!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "சரி. முழு வெல வாங்கினா ஒங்களுக்குப் பாவம். நூத்தைம்பதுக்குக் குடுத்தா எனக்குப் பாவம். எண்ணூறு. இத முன்பணமா வச்சிக்கறேன், மீதிய மாசம் அம்பது அம்பதாக் குடுங்க. கடைசித் தவண வர்ற வரைக்கும் துப்பாக்கி என் வீட்லதான் இருக்கும், கடையில வைக்கற மாதிரி. பனி விழுந்தா என் வாசலையும் நீங்கதான் தள்ளணும்."

"தள்ளறேன்" என்றான் வென்டல்.

வண்டியில் ஏறியதும் நான் கேட்டுவிட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "எங்கிருந்துடா வந்துச்சு அவ்ளோ காசு? என் பல்ல புடுங்கின வருஷம்..."

வண்டியை ஓரமாக நிறுத்தினான். "உனக்குத் தெரியுமா?"

"பிப்ரவரிலேர்ந்தே தெரியும்."

"சாக்ஸ் குடுத்தப்பவே தெரியுமா?"

"சாக்ஸ் குடுத்தப்பவும் தெரியும். காசு எங்கிருந்து?"

"காசே இல்ல ரோண்டா. எம்பதுலதான் ஆரம்பிச்சேன், சத்தியமா. மொதல்ல ஒரு ஒடஞ்ச துப்பாக்கி, எம்பது டாலர். அதச் சரி பண்ணி, மேல பத்துக் குடுத்து இன்னொண்ணு மாத்தினேன். அதையும் சரி பண்ணி வேற ஒண்ணு. பதினோரு வருஷமா சனிக்கெழம சனிக்கெழம மாத்தி மாத்திக் கடைசில இது கெடச்சுது. மேல குடுத்ததெல்லாம் என் நாப்பதுலேர்ந்துதான், வீட்டுக் காசு ஒத்த டாலர் தொட்டதில்ல. உன் பல்லுமேல சத்தியம்."

"இல்லாத பல்லுமேல சத்தியமா!"

"இருக்கற பல்லுமேலயும்."

நான் சிரிக்கக்கூடாது என்றுதான் இருந்தேன். "அப்புறம் வெல தெரிஞ்சப்ப ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா வித்து உன் பல்லக் கட்டியிருக்கணும். அது எனக்குத் தெரியும். அதான் சொல்லல."

கோபப்பட வேண்டிய பதில்தான். பட்டேன். வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். ஆனால் நூற்றைம்பதின்மேல் வைத்த கையை அவன் எடுக்காமல் இருந்தானே, அதுவும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. எனக்கு இந்த மனுஷனைப் பிடித்திருக்கிறது. எழுதி வைக்கிறேன், நாளைக்கு மாறினாலும் மாறும்.

ஏப்ரல் 1, சனி

முதல் தவணை. நாற்பது அவனுடையது, பத்து என் துணிக் காசு. விற்றது நான்தானே.

ஏப்ரல் 20, வியாழன்

பீரோவிலிருந்து ஒன்றை விற்றுவிட்டு வந்து பணத்தை என் கையில் வைத்தான். "பல்லுக்கு" என்றான். பல் டாக்டரிடம் நேரம் வாங்கினேன். பிறகு குளியலறையில் போய்க் கொஞ்சம் அழுதேன்.

ஜூலை 8, சனி

சந்தைக்குப் போகாத சனிக்கிழமைகளில் ஆல்மா அம்மா வீட்டுக்குப் போய்த் துப்பாக்கிக்கு எண்ணெய் போடுகிறான். அவள் பக்கத்து அறையில் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டைப் பழகுகிறாளாம். இன்று அவளே கேட்டாளாம், இது சுடுமா சுடாதா என்று. கொல்லையில் சூப்பு டப்பாவை வைத்துச் சுட்டுப் பார்த்திருக்கிறாள். முதல் தோட்டாவிலேயே டப்பா காலி. "அடுத்த மாசத் தவணைய மெதுவாக் குடுங்க, அவசரமில்ல" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவளுக்கே அது பிடித்துப்போய்விடுமோ என்று வென்டலுக்குப் பயம்.

டிசம்பர் 2, சனி

சந்தையிலிருந்து வந்தான். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே, "நெச வெல, முந்நூத்திப் பத்து!" என்றான். சாப்பாடு என்ன என்று கேட்பதற்கு முன்னாலேயே. நாய் பயந்து குரைத்தது.

ஜனவரி 13, சனி

இன்னும் மூன்று தவணை பாக்கி. காலையில் ஆல்மா அம்மா வாசலில் பனி தள்ளிவிட்டு வந்து வென்டல் கராஜில் இருந்தான். டோரீன் போனில் கூப்பிட்டாள். இந்த மார்ச்சுக்கும் ஒரு நாள் காலியாம்.

"வென்டல்! காலண்டருக்கு ஒண்ணு வேணுமாம்!" என்று போனைக் கையில் வைத்தபடியே கத்தினேன்.

ஒரு காலில் மட்டும் பூட்ஸோடு ஓடி வந்தான். இரண்டு பேரும் பீரோ முன்னால் நின்றோம். "மொதல்ல வெல சொல்லு" என்றேன். "உண்மையான வெல. ஒவ்வொண்ணா."

சொன்னான். இடமிருந்து வலமாக, விரலால் தொட்டுத் தொட்டு. ஐந்தாவதற்கு வரும்போது நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். மொத்தம் போட்டால் எங்கள் வண்டி விலையைத் தாண்டும்.

"ரொம்பக் கோவமா?" என்றான்.

"வென்டல், என் தையல் மெஷின் இருக்கே."

"ஆமா. எரநூறு. சர்ச்சு விற்பனையில வாங்கின."

"எரநூறு இல்ல. சர்ச்சும் இல்ல."

"பின்ன எவ்ளோ?"

சொன்னேன்.

அவனும் கட்டிலில் உட்கார்ந்தான், என் பக்கத்தில். பீரோவையும் தையல் அறைக் கதவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது. எனக்கும் தாங்கவில்லை. வயிறு வலிக்க, கண்ணில் தண்ணீர் வர, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு சிரித்தோம்.

டோரீன் இன்னும் லைனிலேயே இருந்திருக்கிறாள்.